மக்காச்சோளத் தோகை கீறிய கண்ணும் பூஞ்சையின் சர்க்கரைச் சுவரும்

கேள்வி (உடுமலை):
மக்காச்சோளத் தட்டு அறுக்கும்போது என் அப்பிச்சியின் (அம்மாவின் அப்பா) வலக்கண்ணில் தோகை கீறிவிட்டது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய சொட்டுமருந்தில் சிவப்பு வடிந்தது. ஆனால் ஐந்தாம் நாள் கருவிழியில் ஓரம் பிசிறிய வெள்ளைப் புள்ளி தெரிந்தது. மருத்துவர் புண்ணைச் சுரண்டி நுண்ணோக்கியில் வைத்துக் காட்டியபோது, கிளை பிரிந்த இழைகளை நானே பார்த்தேன். பூஞ்சையின் சுவரிலுள்ள கூட்டுச்சர்க்கரைகளைக் கண்டுதான் உடல் அதை எதிர்க்கிறது என்றார். அப்படியானால் கண் ஏன் தோற்றது? அப்பிச்சிக்குச் சர்க்கரை நோயும் உண்டு. இரண்டும் ஒரே சர்க்கரையா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

பதில் 1 (கோவை, நுண்ணுயிரியல் ஆசிரியர்):
ஒன்றல்ல. இரத்தத்தில் ஓடுவது தனிக் குளுக்கோஸ். பூஞ்சைச் சுவரில் அதே குளுக்கோஸ் நீண்ட சங்கிலியாகக் கோக்கப்பட்டு பீட்டா குளூக்கானாக நிற்கிறது, கூடவே கைட்டின் என்னும் இன்னொரு சர்க்கரைச் சங்கிலியும் இருக்கிறது. இவ்விரண்டையும் மனித உடல் செய்வதில்லை என்பதால், வந்திருப்பது அந்நியம் என்பதை வெள்ளையணுக்கள் இவற்றைக் கொண்டே அறிகின்றன. பீட்டா குளூக்கானைப் பற்றும் ஏற்பி டெக்டின்-1 என்று 2001-இல் கண்டறிந்தார்கள்.

ஆனால் பூஞ்சை அதை எளிதில் காட்டிவிடாது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சையின் உலர்ந்த வித்தை ஒரு புரதப் போர்வை மூடியிருக்கும். ஈரம் பட்டு உப்பி முளைவிடும்போதுதான் உள்ளிருக்கும் குளூக்கான் வெளிப்படும். கேண்டிடா என்னும் பூஞ்சை, மன்னான் என்னும் மற்றொரு சர்க்கரையை மேலே போர்த்திக்கொள்கிறது. கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சையோ வழுவழுப்பான சர்க்கரை உறையைச் சுற்றிலும் வளர்த்து, வெள்ளையணு தன்னை விழுங்கவிடாமல் தடுக்கிறது. காட்டிக்கொடுப்பதும் சர்க்கரை, மறைப்பதும் சர்க்கரை என்பதை மாணவர்களுக்கு விளக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு குறைவதில்லை.

பதில் 2 (பொள்ளாச்சி, கண் சிகிச்சைப் பிரிவில் பணி):
என் கவலை வேறு. பூஞ்சையைக் கொல்லக் குவியும் நியூட்ரோஃபில்கள் என்னும் வெள்ளையணுக்கள் உமிழும் நொதிகள், கருவிழியைத் தாங்கும் கொலாஜன் என்னும் புரத இழையையும் கரைத்துவிடும். இரத்தச் சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் அந்த அணுக்களின் வேகமும் தளரும். முதலில் விட்ட மருந்தில் ஸ்டீராய்டு இருந்ததா என்று பெட்டியைப் பாருங்கள். அது எதிர்ப்பை அடக்குவதால் சிவப்பு மட்டும் வடியும், பூஞ்சை உள்ளே இறங்கும். நாட்டாமைசின் என்னும் பூஞ்சைக்கொல்லிச் சொட்டுமருந்து கொடுத்திருந்தால், அது சர்க்கரைச் சுவரைத் தாக்குவதல்ல, அதற்கு உட்புறச் சவ்விலுள்ள எர்கோஸ்டெரால் என்னும் கொழுப்பைப் பற்றுவது. கருவிழிக்குள் ஆழமாக இறங்காத மருந்து என்பதால், சொன்ன வேளைகளில் ஒன்றையும் தவறவிடாதீர்கள்.

கேட்டவர்:
பெட்டியைத் தேடி எடுத்தோம். டெக்ஸாமெத்தசோன் என்று எழுதியிருக்கிறது, நீங்கள் சொன்ன ஸ்டீராய்டுதான். காலையில் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுகிறேன்.