உதவி: ஷாட்டுக்கு ஷாட் பாட்டியின் முகம் மாறுகிறது, கையில் 18 நாள்தான்

பென்சில்சீவி:

வணக்கம். நானும் என் கல்லூரித் தோழியும் சேர்ந்து 4 நிமிட 2டி குறும்படம் ஒன்று செய்கிறோம். ஒரு பாட்டி, அவர் வளர்க்கும் ஆடு, ஒரு சந்தைநாள். கதை அவ்வளவுதான். மொத்தம் 31 ஷாட். ஒரு போட்டிக்கு அனுப்ப இன்னும் 18 நாள் இருக்கிறது. பட்ஜெட் என்று சொன்னால் டீக்காசுதான்.

நான் லேப்டாப்பில் கிரிட்டாவில் வரைகிறேன், அவள் ஐபேடில் புரோகிரியேட்டில் வரைகிறாள். நொடிக்கு 24 ஃபிரேம், பெரும்பாலும் டூஸ்தான், அதாவது ஒரு படம் இரண்டு ஃபிரேமுக்கு நிற்கும். போன வாரம்தான் எல்லா ஷாட்டையும் முதன்முதலாகக் கோத்து ஓடவிட்டோம். வயிற்றைக் கலக்கிவிட்டது.

ஷாட் 2இல் பாட்டிக்கு உருண்டை முகம். 11இல் நீள முகம். 19இல் பாட்டியின் மகள் மாதிரி இருக்கிறார். தோழி வரைந்த ஷாட்களில் சிவப்புக் கண்டாங்கிச் சேலை சாயம் போனதுபோல் வெளுத்திருக்கிறது. இத்தனைக்கும் நான் அனுப்பிய படத்திலிருந்துதான் நிறத்தைத் தொட்டு எடுத்தாள். சேலையில் உள்ள கட்டங்கள் பாட்டி சும்மா நிற்கும்போதுகூட உலைநீர் மாதிரி கொதிக்கின்றன. மூக்குத்தி இடமும் வலமும் தாவுகிறது. நடக்கும்போது கால் தரையில் வழுக்குகிறது. இரண்டு மூன்று இடங்களில் கை ஒரு கணம் வெள்ளையாக மின்னி மறைகிறது.

அம்மாவிடம் காட்டினேன். "இதுல எத்தன பாட்டிடா?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் திரும்ப வரைய நேரம் இல்லை. எதை முதலில் சரிசெய்வது, எதை அப்படியே விடுவது? முகத்தை மட்டுமாவது ஒரே முகமாக்க வழி உண்டா?

—

பால்கனிப்பூனை:

பேசாமல் பாட்டியை ரிக் போட்டுவிடுங்கள், அதாவது மூட்டு வைத்த பொம்மை மாதிரி ஆக்கி அசையுங்கள். தலை, கை, கால் எல்லாம் தனித்தனித் துண்டு. ஒருமுறை வரைந்தால் போதும், பிறகு முகம் மாறவே மாறாது.

—

ஒளிமேசை:

பூனை சொல்வது அடுத்த படத்துக்குச் சரி. 18 நாளில் ரிக் செய்து, அதைப் பழகி, 31 ஷாட்டையும் மறுபடி அசைக்க முடியாது. கையால் வரைந்ததில் இருக்கிற உயிரும் போய்விடும்.

நான் 11 வருடம் வெளிநாட்டுத் தொடர்களுக்கு வேலை செய்துகொடுக்கும் ஸ்டூடியோவில் இருந்தவள். ரீடேக் பட்டியல், அதாவது திரும்பச் செய்யச் சொல்லும் ஷாட்களின் பட்டியல் வந்தால் எங்களுக்கும் இப்படித்தான் வயிறு கலங்கும். அதனால் முதலில் ஒன்று கேட்கிறேன். ஷாட் 11ஐ வரையும்போது எதைப் பார்த்து வரைந்தீர்கள்?

—

பென்சில்சீவி:

ஷாட் 10ஐப் பார்த்து.

—

ஒளிமேசை:

10ஐ வரையும்போது 9ஐப் பார்த்திருப்பீர்கள். வதந்தி பரவுகிற மாதிரிதான் இது. ஒவ்வொரு கைமாற்றலிலும் தாடை ஒரு நூல் இறங்கும், கண் ஒரு நூல் ஏறும். பக்கத்துப் பக்கத்து ஷாட்டை வைத்துப் பார்த்தால் தெரியாது. 2ஐயும் 19ஐயும் சேர்த்து வைத்தால் வேறு ஆள்.

இன்று ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொரு ஷாட்டிலிருந்தும் பாட்டி ஓரளவு நேராகப் பார்க்கிற ஒரு படத்தை எடுங்கள். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் தனித்தனி லேயராகப் போட்டு, தலை உச்சியும் தாடையும் ஒரே உயரத்துக்கு வருகிற மாதிரி அளவு மாற்றி, ஒளிபுகும்படி மங்கலாக்கி ஒன்றன்மேல் ஒன்று வையுங்கள். கண் கோடு, மூக்கு நுனி, காது அடி, வாய்க் கோடு எங்கெங்கே விழுகிறது என்று பாருங்கள். மாற்றம் எங்கே என்று கணக்காகத் தெரிந்துவிடும். பெரும்பாலும் இரண்டு மூன்று அளவுதான் நழுவியிருக்கும், முழு முகமும் அல்ல.

அவற்றில் உங்கள் இருவருக்கும் பிடித்த ஒரு பாட்டியைத் தேர்ந்து, அதை வைத்து மாடல் ஷீட் போடுங்கள், அதாவது எல்லோரும் பார்த்து வரைய ஒரே மாதிரித் தாள். முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம். கூடவே ஆட்டையும் பக்கத்தில் நிறுத்தி ஓர் உயர அட்டவணை. ஆடு பாட்டியின் இடுப்பளவா முழங்காலளவா என்பது ஷாட் 5இலும் 14இலும் வேறு வேறாக இருக்கும், பந்தயம் வைக்கிறேன்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். இனிமேல் பாட்டியின் முகத்தை உங்களில் ஒருவர் மட்டும் தொடுங்கள். ஜப்பானியத் தொலைக்காட்சி அனிமேஷனில் ஒரு எபிசோடைப் பலபேர் வரைவார்கள். அதற்காகவே 'சகுகா காண்டோகு' என்று ஒருவர் இருப்பார். மற்றவர்கள் வரைந்த கீ படங்களின்மேல் (அசைவின் முக்கிய நிலைகளைக் காட்டும் படங்கள்) நிறத்தாளை வைத்து முகங்களைத் தன் கையால் திருத்திப் போடுவதுதான் அவர் வேலை. உங்கள் இருவரில் பொறுமை யாருக்கு அதிகமோ அவர் அந்த நாற்காலியில் உட்காரட்டும்.

—

பென்சில்சீவி:

தோழிதான். ஆடு விஷயத்தில் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் அக்கா, 14இல் கன்றுக்குட்டி அளவு இருக்கிறது.

ஆனால் முகத்தை மாற்றினால் கழுத்து, உடம்பு எல்லாம் திரும்ப வரைய வேண்டுமே? தலையும் உடம்பும் ஒரே லேயரில் இருக்கின்றன.

—

ஒளிமேசை:

அமெரிக்காவில் 1950களின் கடைசியில் ஹன்னா பார்பெரா தொலைக்காட்சிக்கு மலிவாகப் படம் எடுக்கத் தொடங்கியபோது அவர்களுக்கும் இதே சிக்கல்தான். உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் அசைத்தால் செலவு குறையும். ஆனால் கழுத்தில் ஒட்டு தெரியும். யோகி கரடி உடம்பில் சட்டை இல்லாமல் கழுத்தில் மட்டும் காலரும் டையும் கட்டிக்கொண்டு திரிவது அதனால்தான். காலருக்கு மேலே ஒரு செல், அதாவது படம் வரைந்த ஒளிபுகும் தாள், கீழே இன்னொரு செல்.

உங்கள் பாட்டிக்கு டை கட்ட முடியாது. கழுத்தை ஒட்டி இரண்டு சரம் பாசிமணி போடலாமே? மணிக்கு மேலே இருக்கும் தலையை வெட்டி எறிந்துவிட்டுப் புதுத்தலையை வைத்தால் ஒட்டு மணிக்குள் மறைந்துவிடும். உடம்பைத் தொட வேண்டாம். மணியைத் தனி லேயராக வையுங்கள், அதையே எல்லா ஷாட்டுக்கும் பயன்படுத்தலாம்.

—

நிறம்_பிரிப்பவன்:

சேலை வெளுத்ததற்குக் காரணம் கலர் புரொஃபைல் என்று சந்தேகிக்கிறேன், அதாவது ஃபைலில் உள்ள நிற எண்களை எந்த நிறமாகக் காட்ட வேண்டும் என்று சொல்லும் குறிப்பு. உங்கள் தோழியின் கேன்வாஸ் டிஸ்பிளே பி3யில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வழக்கமான எஸ்ஆர்ஜிபியைவிட அடர்ந்த நிறங்களைக் காட்டும் புரொஃபைல் அது. அதில் உள்ள அடர்சிவப்பின் எண்களை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக்கொண்டு எடிட்டிங் மென்பொருள் படித்தால், சிவப்பு மங்கித்தான் தெரியும். ஐபேடில் பார்க்கும்போது சரியாகவே இருக்கும், அதனால் அவர்மேல் தப்பில்லை.

முடிந்த பிஎன்ஜி படங்களைக் கிரிட்டாவில் திறந்து, இமேஜ் மெனுவில் கலர் ஸ்பேஸை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமியுங்கள். ஒன்றை மட்டும் முதலில் செய்துபாருங்கள். புதிதாக வரைவதற்கு எஸ்ஆர்ஜிபி கேன்வாஸிலேயே தொடங்கச் சொல்லுங்கள்.

வெள்ளையாக மின்னுவது பெயிண்ட் ஓட்டை. கோட்டில் இடைவெளி இருந்து நிறம் நிரம்பாமல் போயிருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் கண்ணைப் பறிக்கிற பச்சையில் ஒரு லேயர் போட்டு ஓடவிடுங்கள். ஓட்டை உள்ள ஃபிரேமெல்லாம் பச்சையாகக் கூப்பிடும். பாட்டியின் வெள்ளை முடியில் இருந்த ஓட்டையை இதுவரை பார்த்திருக்கவே மாட்டீர்கள்.

—

மேம்பாலம்:

கால் வழுக்குவதற்கு மட்டும் என் பங்கு. ஒரு நடைச் சுற்றுக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடவிடுகிற இரண்டு அடிக்கு, எத்தனை படம்? பின்னணியை எப்படி நகர்த்துகிறீர்கள்?

—

பென்சில்சீவி:

12 படம், டூஸ். பின்னணியை எடிட்டிங்கில் கண்ணளவாக இழுத்தேன்.

—

மேம்பாலம்:

அப்படியென்றால் இரண்டு அடி வைக்க 24 ஃபிரேம். ஒரு கால் ஊன்றிய இடத்திலிருந்து அதே கால் மறுபடி ஊன்றும் இடம்வரை எத்தனை பிக்சல் என்று அளந்துபாருங்கள். 300 என்று வைத்துக்கொள்வோம். 24 ஃபிரேமில் பின்னணி சரியாக 300 நகர வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் வழுக்கும்.

கணக்கு சரியாக வந்தபிறகும் ஒரு நடுக்கம் இருக்கும். பின்னணி ஃபிரேமுக்கு 12.5 பிக்சல் நகர்கிறது, பாட்டியோ இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறைதான் மாறுகிறார். ஊன்றிய கால் ஒரு ஃபிரேம் தரையோடு போகும், அடுத்ததில் சறுக்கும். அதனால் பின்னணியையும் டூஸில் 25, 25 பிக்சலாக நகர்த்துங்கள். வேகமான ஓட்டம் என்றால் இது கண்ணைக் குத்தும். பாட்டி நடைக்குத் தெரியாது.

—

பால்கனிப்பூனை:

இவ்வளவு எதற்கு? ஏஐயில் கொடுத்தால் முகத்தை ஒரே மாதிரி ஆக்கித் தருமே.

—

பென்சில்சீவி:

செய்துபார்த்தேன். பாட்டிக்கு 30 வயது குறைந்தது. மூக்குத்தியையும் காணோம்.

—

ஒளிமேசை:

மூக்குத்தி என்றதும் நினைவு வந்தது. ஷாட் 7, 8, 22, மூன்றும் கண்ணாடியில் திருப்பிப் போட்டவைதானே?

—

பென்சில்சீவி:

ஆமாம். சந்தைக்குப் போகிற நடையைத் திருப்பி, திரும்பி வருகிற நடையாக்கினோம். 7, 8 எல்லாம் நேரம் மிச்சப்படுத்தத்தான்.

—

ஒளிமேசை:

அப்போ மூக்குத்தி மட்டும் தாவியிருக்காது. முந்தானையைப் பாருங்கள்.

—

பென்சில்சீவி:

ஐயோ. வலத்தோளில் கிடக்கிறது. இத்தனை நாளாக இதைக் கவனிக்கவே இல்லை.

—

ஒளிமேசை:

நீங்கள் கவனிக்கவில்லை. சேலை கட்டுகிற யாரும் முதல் தடவையே பிடித்துவிடுவார்கள். ஏன் தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் என்னவோ உறுத்தும்.

எதை முதலில் சரிசெய்வது என்று கேட்டீர்களே, என்னைக் கேட்டால் இங்கிருந்துதான் தொடங்குவேன். ஜப்பானில் 2006இல் ஒரு தொடரின் மூன்றாவது எபிசோடில் சமையல் காட்சி வந்தது. முட்டைக்கோஸ் இலையே இல்லாத பச்சைப் பந்தாக இருந்தது. அந்த எபிசோடில் வேறு பிழைகளும் இருந்தன, ஆனால் ஊர் சிரித்தது முட்டைக்கோஸைப் பார்த்துத்தான். டிவிடியில் அதைத் திருத்திப் போட்டார்கள். அதற்கு முன்னால், 1998இல் ஒரு விண்வெளித் தொடரின் நான்காவது எபிசோட் முழுவதுமே குலைந்துபோய் ஒளிபரப்பானது. அந்த எபிசோடின் தலைப்பில் இருந்த 'யாஷிகானி' என்ற சொல், அதாவது தென்னை நண்டு, அப்புறம் மோசமான சித்திரத்துக்கே பட்டப்பெயராகிவிட்டது. தரம் குலைந்தால் முழுசாகக் குலைய வேண்டும், இல்லையென்றால் முட்டைக்கோஸில் குலைய வேண்டும், அப்போதுதான் பேசுவார்கள் போல.

விண்கலத்தின் இறக்கை ஷாட்டுக்கு ஷாட் மாறினால் எத்தனை பேருக்குத் தெரியும்? முட்டைக்கோஸை எல்லோரும் வீட்டில் நறுக்குகிறார்கள். உங்கள் படத்தில் முந்தானை, மூக்குத்தி, பாட்டியின் முகம், ஆட்டின் உயரம் இவைதான் முட்டைக்கோஸ். பின்னால் நிற்கிற கடைக்காரரின் மீசை மாறுவதை விட்டுவிடுங்கள்.

7, 8 கிட்டத்து ஷாட், அவற்றில் முந்தானையையும் மூக்குத்தியையும் திரும்ப வரையத்தான் வேண்டும். 22 தூரத்து ஷாட். அங்கே மூக்குத்தியை அழித்துவிடுங்கள், அவ்வளவு தூரத்தில் யாரும் தேட மாட்டார்கள். முந்தானையை மட்டும் மாற்றுங்கள்.

கட்டத்தை எடுத்துவிடலாமா என்று யோசியுங்கள். கையால் ஒவ்வொரு படத்திலும் கட்டம் போட்டால் கொதிக்கத்தான் செய்யும், பெரிய ஸ்டூடியோவுக்கே அது தலைவலி. வெறும் சிவப்பு, கரையில் ஒரு தடித்த மஞ்சள் கோடு. வேலையும் பாதியாகும்.

—

பென்சில்சீவி:

கண்டாங்கி என்பதற்காகத்தான் கட்டம். எங்கள் ஆச்சி கட்டியது அதுதான்.

—

ஒளிமேசை:

அப்படியென்றால் பாட்டி அசையாமல் உட்கார்ந்திருக்கிற ஷாட்களில் மட்டும் கட்டத்தை வையுங்கள். அங்கே ஒரே படத்தை நிறுத்திவைத்து, தலையையும் கையையும் மட்டும் அசையுங்கள், கட்டம் கொதிக்காது. நடக்கிற தூரத்து ஷாட்களில் கட்டம் வேண்டாம், வெறும் சிவப்பே போதும். கிட்டே வரும்போது கட்டம் தெரிவது கண்ணுக்கு இயல்புதான்.

—

மேம்பாலம்:

ஒரு எச்சரிக்கை. திருத்தும்போது நிறுத்தி நிறுத்திப் பார்க்காதீர்கள். வேகமாகக் கை வீசும் இடத்தில் இடைப்படங்கள் கோணல்மாணலாகத்தான் இருக்கும், ஓடும்போது அதுதான் அழகு. முதலில் முழு வேகத்தில் ஓடவிட்டு உறுத்தியதை மட்டும் எழுதுங்கள். எழுதியதற்கு மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

—

பென்சில்சீவி:

12 நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கலர் புரொஃபைல்தான் பிரச்சினை. மாற்றியதும் இரண்டு பேர் சேலையும் ஒன்றாகிவிட்டது, நன்றி. பச்சை லேயரில் 17 ஓட்டை கிடைத்தது. நடை சரியாகிவிட்டது, என் பாட்டிக்குக் கணக்கு 264 பிக்சல் வந்தது, ஆக 22, 22.

பாசிமணி போட்டு 14 ஷாட்டில் தலை மாற்றினோம். எல்லா முகமும் தோழி வரைந்தது. தலை திரும்புகிற இடங்களில் மட்டும் மணியும் சேர்ந்து திரும்ப வேண்டியிருந்ததால் மூன்று படம் கூடுதலாக வரைந்தோம். அம்மா இப்போது பாட்டிகளை எண்ணவில்லை. அந்த மணி எங்கே வாங்கியது என்று கேட்கிறார்.

மிச்சம் ஷாட் 23 மட்டும்தான். பாட்டி ஆட்டைத் தூக்கி மடியில் வைக்கிறார். கை ஆட்டுக்கு முன்னால் வந்து பின்னால் போக வேண்டும், லேயர் வரிசை நடுவில் மாறுகிறது, எப்படி வெட்டினாலும் ஒரு ஃபிரேமில் கை ஆட்டின் வயிற்றுக்குள் புகுந்துவிடுகிறது. இரண்டு நாள் போய்விட்டது. என்ன செய்யலாம்?

—

ஒளிமேசை:

22இல் ஆடு தரையில் நிற்கிறது, 24இல் மடியில் இருக்கிறது, இல்லையா? 23 எதற்கு?

—

பென்சில்சீவி:

எடுத்துவிட்டு ஓடவிட்டேன். ஆட்டின் மணிச்சத்தத்தை 22இன் கடைசியிலிருந்து 24க்குள் கொஞ்சம் இழுத்துவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. படம் இப்போது 3 நிமிடம் 56 விநாடி. நாளைக்கு அனுப்புகிறோம்.