டிவிடி டிரைவ் படிக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. அவசரம்!

மன்னை வாசகன்: மடிக்கணினியின் டிரைவ் திடீரென்று வேலை செய்யவில்லை. 2009-இல் கோயில் திருவிழாவில் அப்பா வாசித்த தவில் கச்சேரி அந்த வட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவருடைய திதி. வேறு பிரதி கிடையாது. உடனே வழி சொல்லுங்கள்.

குடந்தைக்காரர்: எந்த விண்டோஸ்? சிடியா, டிவிடியா? டிரைவின் பெயராவது திரையில் தெரிகிறதா? தெரியாவிட்டால், விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் இந்த டிரைவுக்கான அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பதிவுகளையும் நீக்குங்கள். எனக்கு அதில்தான் சரியானது.

நாகை உப்புக்காற்று: ரெஜிஸ்ட்ரியைத் தொடாதீர்கள் தம்பி. லென்ஸில் உப்புப் படிந்திருக்கும். எங்கள் வீட்டில் இரண்டு டிரைவ் அப்படித்தான் போயின.

குடந்தைக்காரர்: மன்னார்குடிக்கு ஏது ஐயா கடற்காற்று?

நாகை உப்புக்காற்று: 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது மன்னார்குடித் தென்னைகளைச் சாய்த்தது எந்தக் காற்று?

குடந்தைக்காரர்: புயலும் அன்றாடக் காற்றும் ஒன்றா? ஒருநாள் காற்றில் லென்ஸ் கெட்டுவிடாது.

பழைய வட்டு: இருவரும் நிறுத்துங்கள். கேட்டவர் அடிப்படை விவரம்கூடத் தரவில்லை. இங்கே பத்து ஆண்டுகளாக இதையேதான் சொல்லி வருகிறேன்: அறிகுறியை முழுதாக எழுதப் பழகுங்கள். பாட்டு சிடி ஓடுகிறதா?

மன்னை வாசகன்: மன்னியுங்கள். விண்டோஸ் 7. டிரைவின் பெயர் தெரிகிறது. பாட்டு சிடி நன்றாக ஓடுகிறது. டிவிடி போட்டால் மூன்று முறை சுற்றி நின்றுவிடுகிறது. புது டிவிடியில் எழுதினாலும் பாதியில் பிழை காட்டுகிறது. கச்சேரி வட்டின் ஊதாப் பக்கத்தைச் சாய்த்துப் பார்த்தேன், கீறல் இல்லை.

பழைய வட்டு: இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். சிடி ஓடுவதால் ரெஜிஸ்ட்ரி காரணமாக இருக்காது. சிடிக்கு 780 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பு லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒன்று தளர்ந்தாலும் மற்றது ஓடும். லென்ஸில் தூசி இருந்தாலும் டிவிடிதான் முதலில் தடுமாறும், அதன் தடங்கள் அவ்வளவு நெருக்கம். டிரைவின் தட்டைத் திறந்துவிட்டுக் கணினியை அணையுங்கள், பிறகு தட்டை வெளியே இழுங்கள். உளுந்தளவு லென்ஸ் தெரியும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்த பஞ்சுக்குச்சியால் ஒருமுறை மெல்லத் துடையுங்கள், அழுத்தக் கூடாது. சரியாகாவிட்டால் லேசர்தான் போயிருக்கிறது. யுஎஸ்பி டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி, வட்டை முதலில் ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்துவிடுங்கள்.

நாகை உப்புக்காற்று: லென்ஸ் என்று முதலில் சொன்னவன் நான்.

மன்னை வாசகன்: துடைத்தும் சரியாகவில்லை. நண்பரின் யுஎஸ்பி டிரைவில் வட்டு திறந்தது. தனி ஆவர்த்தனம் முழுவதும் வந்துவிட்டது, அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். நன்றி.