பால் பல் அடைப்பு: காரைக்குடி பக்கம் யாரைப் பார்க்கலாம்?

ஆச்சிமார், அண்ணன்மார் எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு 6 வயசு, கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை. பார்த்த இடத்தில் வெள்ளி அடைப்புதான் (அமால்கம்) நிக்கும் என்கிறார்கள். அந்த அமால்கத்தில் ஏறக்குறைய பாதி பாதரசம். பால் பற்களுக்கும், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும், கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மாருக்கும் இதைத் தவிர்க்கணும், மருத்துவர் அவசியம் என்று கருதினால் மட்டும் வைக்கலாம் என, பாதரசப் பயன்பாட்டைக் குறைப்பதற்கான மினமாட்டா சர்வதேச உடன்படிக்கையின் நாடுகள் 2022-லேயே முடிவு செய்துவிட்டன. இந்தியாவும் அதில் உண்டு. இதை மருத்துவர்தானே முதலில் நமக்குச் சொல்லணும்?

அதற்குப் பதிலாக கிளாஸ் அயனோமர் (பாதரசம் இல்லாத, பல் நிற அடைப்பு) கேட்டால் முகம் சுளிக்கிறார்கள். சீக்கிரம் தேயும்தான், ஆனால் சொத்தையைத் தடுக்க உதவும் ஃபுளோரைடு அதிலிருந்து கசியுமே! அந்தப் பல் விழ 10, 11 வயசாகும், அதுவரை தாங்குமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பிள்ளைகளுக்கு கிளாஸ் அயனோமர் வைக்கும் பல் மருத்துவர் தெரிந்தால் சொல்லுங்க. எவ்வளவு ஆச்சு என்பதையும். (அப்பத்தா கிராம்பே போதும் என்கிறார். வலிக்குச் சரி, ஓட்டைக்கு?)