வாரைப் பிடித்த கையும் குதிரையின் வாயும்: குதிரையேற்ற அனுபவங்கள்

38 வயதில் குதிரையேற்றம் பழகத் தொடங்கிய நான், முதல் இரண்டு மாதங்களில் வயதான ஒரு சாதுக் குதிரையின் வாயை எவ்வளவு நோகடித்திருக்கிறேன் என்று நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. நடக்கும்போதே அது தலையை மேலே உதறும்; வாயைத் திறந்து தாடையை ஒரு பக்கமாகத் தள்ளும்; வாலைச் சுழற்றும். அதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கடிவாள வாரை நான் மேலும் இறுக்கினேன்.

பயிற்சியாளர் ஒருநாள் என்னை இறங்கச் சொன்னார். தனியே கழற்றி வைத்திருந்த ஒரு கடிவாளத்தின் இரும்பை என் இரு கைகளிலும் கொடுத்து, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்று வாரைப் பிடித்துக்கொண்டார். "நான் என்ன செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே வாருங்கள், சார்" என்றார். அவர் மோதிர விரலை மட்டும் மடக்கியது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. அடுத்து நான் பிடிக்கும் விதமாகவே பிடித்துக் காட்டினார். சில நொடிகளிலேயே விரல்கள் வலித்தன. குதிரையின் கீழ்த்தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் இடையே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு. இரும்பு அங்கேதான் நாக்கின்மீதும் ஈறின்மீதும் அமர்கிறது. அந்த மெல்லிய ஈறுக்கு அடியில் இருப்பது எலும்பின் விளிம்பு.

அசையாத கைதான் மென்மையான கை என்று நான் நம்பியிருந்தேன். உண்மையில் குதிரை நடக்கையில் நான்கு கால்களும் ஒரு சுற்று வைத்து முடிப்பதற்குள் அதன் தலை இருமுறை முன்னும் பின்னும் ஆடுகிறது. கேன்டர் எனும் பாய்ச்சல் நடையில் ஒருமுறை ஆடுகிறது. ட்ராட் எனும் துள்ளோட்ட நடையில் மட்டுமே தலை ஏறக்குறைய நிலையாக நிற்கிறது. என் முழங்கை விறைத்திருந்ததால், குதிரை ஒவ்வொரு முறை தலையை நீட்டும்போதும் தானே போய் இரும்பில் இடித்துக்கொண்டது. இதற்குக் காரணம் கைகூட அல்ல, சேணத்தில் நான் உட்கார்ந்திருந்த விதம். நிலை தடுமாறும்போதெல்லாம் வாரைப் பேருந்துக் கம்பிபோலப் பற்றிக்கொண்டிருந்தேன். மூன்று வாரங்கள் வாரே இல்லாமல், நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடும் குதிரைமீது கழுத்துப் பட்டையைப் பிடித்தபடி உட்காரப் பழகினேன். இப்போது நிறுத்த வேண்டுமானால் முதலில் மூச்சை விட்டு உடலைச் சேணத்தில் ஆழ்த்துகிறேன், பிறகு விரல்களை மூடுகிறேன், குதிரை வேகம் குறைத்த அந்தக் கணமே விரல்களைத் தளர்த்துகிறேன். செய்தது சரி என்பதை அது அந்தத் தளர்விலிருந்துதான் அறிந்துகொள்கிறது; தளர்வு தாமதமானால் எதற்காகக் கிடைத்தது என்றே அதற்குப் புரிவதில்லை.

மறுமொழி 1

நீங்கள் கையால் செய்த தவற்றை நான் காலால் செய்தேன், ஐயா. என் குதிரை நகரவே யோசிக்கும். அதனால் ஒவ்வோர் அடிக்கும் குதிகாலால் இடித்துக்கொண்டே இருந்தேன். அதுவோ சுவரைப்போல நின்றது. ஈ உட்கார்ந்தால் அந்த ஓர் இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து உதறும் பிராணி என் காலை உணராமலா இருந்திருக்கும்? ஓயாமல் கேட்கும் இரைச்சலை நாம் ஒதுக்கிவிடுவதுபோல அதுவும் ஒதுக்கிவிட்டது. கெண்டைக்காலால் ஒருமுறை மெல்ல அழுத்தவும், பதிலில்லை என்றால் காலுக்குப் பின்னால் சவுக்கால் ஒரே ஒருமுறை தட்டவும், நகர்ந்ததும் காலைச் சும்மா வைத்திருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். சும்மா வைத்திருப்பதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. குதிமுள் (குதிரையைத் தூண்டக் குதிகாலில் மாட்டும் உலோக முள்) வாங்கலாமா என்று கேட்டதற்கு, கால் தானாக ஆடாமல் நிற்கும்வரை அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்கள்.

மறுமொழி 2

பயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒருமுறை என் குதிரை மிரண்டு ஓடியபோது இரண்டு வார்களையும் முழு பலத்தோடு இழுத்தேன். இழுக்க இழுக்க அது இரும்பின்மீது சாய்ந்து இன்னும் வேகமாக ஓடியது. சுமார் 450 கிலோ எடையுள்ள உயிரோடு இழுபறியில் யார் வெல்வார்கள் என்பது தெரிந்ததே. திடல் அகலமாக இருந்ததால், இழுத்து விடுவதும் இழுத்து விடுவதுமாக அதைப் பெரிய வட்டத்தில் திருப்பி, மெல்ல வட்டத்தைச் சுருக்கி நிறுத்த முடிந்தது. சட்டென்று திருப்பியிருந்தால் இருவருமே விழுந்திருப்போம்.

முதலில் எழுதியவர்

இழுத்து விடுவது என்று நீங்கள் எழுதியதில், விடுவதுதான் பயத்தில் எனக்கு வருவதில்லை. சென்ற வாரம் சவாரி முடிவில் வாரை முழுவதும் நெகிழ்த்தியதும், குதிரை கழுத்தைத் தாழ நீட்டி, வாயை மென்று, நீளமாக மூச்சுவிட்டது. அந்த நேரம் பார்த்துத் திடலுக்குள் ஒரு நாய் ஓடிவர, மிரண்டது நான்தான். என் கை பழையபடி இறுகியதும் அது உடனே தலையை உதறிவிட்டது.