கலைச்சொல் உதவி: ‘அரசியல் நம்பிக்கை’ போதுமா? (வெள்ளிக்குள் வேண்டும்)

தாழை எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். போருக்குப் பிந்தைய சமூகங்களில் மக்கள் கருத்து எப்படி மாறுகிறது என்பதைப் பற்றிய பாடநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வட அயர்லாந்து இயலில் சிக்கிக்கொண்டேன். ‘பொலிட்டிக்கல் டிரஸ்ட்’ என்பதற்கு ‘அரசியல் நம்பிக்கை’ என்று போட்டேன். அதே பக்கத்தில் ‘ஹோப்’, ‘கான்ஃபிடன்ஸ்’, ‘பிலீஃப்’ மூன்றும் வருகின்றன. நான்குக்கும் என் கையிலிருப்பது ஒரே நம்பிக்கை. ஒரு வாக்கியம் இப்படி வந்து விழுந்தது: ‘மக்களுக்கு நம்பிக்கை இருந்தது, நம்பிக்கை இல்லை.’ படித்துப் பார்த்த என் மகள் அச்சுப்பிழை என்று சுழித்துவிட்டாள். மொழிபெயர்ப்புப் பொறியிடம் கேட்டேன். ‘அரசியல் அறக்கட்டளை’ என்றது. வேறு சொல் உண்டா?

பொருநைக்கரையான் எழுதியது:

அம்மா, சொல் எப்போதோ இருக்கிறது, நாம்தான் தேடவில்லை. வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என்று ஓர் அதிகாரமே வைத்தார். அதுவும் அரசியலில். ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்.’ இங்கே தெளிவு என்பது விளக்கம் அன்று. ஆராய்ந்து ஒருவனை நம்புதல். ‘நம்பு’ என்பதோ ஆசையைக் குறித்த சொல். ‘நம்பும் மேவும் நசையாகும்மே’ என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். நசை என்றால் விருப்பம். ஆகவே ஹோப்புக்கு நம்பிக்கை, டிரஸ்ட்டுக்குத் தெளிவு. ‘அரசியல் தெளிவு’ என்று எழுதுங்கள். தேற்றம் என்றாலும் ஒப்புக்கொள்வேன். ஏகாரத்தின் ஐந்து பொருள்களில் தொல்காப்பியர் முதலில் வைப்பதும் தேற்றம்தானே.

கணக்கன் எழுதியது:

ஐயா, தேற்றத்தைப் பைதகரசுக்கு எழுதிக்கொடுத்துப் பல காலமாயிற்று. ‘அரசியல் தேற்றம்’ என்று அச்சிட்டால் மறுபக்கத்தில் ‘நிறுவுக’ என்று கேள்வி வந்துவிடும். ‘தொண்டர்களுக்கு அரசியல் தெளிவு வேண்டும்’ என்று கட்சி மேடைகளில் நாள்தோறும் கேட்கிறோம். அது விழிப்பு, நீங்கள் சொல்வது அல்ல.

பொருநைக்கரையான் எழுதியது:

மேடைப் பேச்சாளர்கள் கெடுத்த சொல்லையெல்லாம் கைவிட்டால் அகராதியில் முன்னுரை மட்டும் மிஞ்சும். சரி, ‘தேறல்’?

கணக்கன் எழுதியது:

சங்கப் பாடல்களில் தேறல் கலத்தில் வருகிறது, ஐயா.

பொருநைக்கரையான் எழுதியது:

தெரியும். கலங்கல் அடியில் தங்கி, மேலே தெளிந்து நிற்பதால்தான் கள்ளுக்கு அந்தப் பெயர். தெள், தெளி, தெளிவு, தேறு, தேறல், தேற்றா மரம் எல்லாம் ஒரே வேரின் கிளைகள். தேற்றாங்கொட்டையை இழைத்துக் குடத்தில் விட்டால் சேறு கீழே இறங்கிவிடும். போர் முடிந்த நாட்டில் நடக்க வேண்டியது வேறென்ன? கலங்கிய நீர் தெளிய வேண்டும். இவ்வளவு பொருத்தமான உவமை சொல்லுக்குள்ளேயே கிடக்கும்போது, இருபது பொருளுக்கு ஒரு சொல்லைத் தேய்க்கிறோம்.

தும்பி எழுதியது:

நம்பிக்கை = நம்பி + கை. நம்பிக் கை கொடுப்பது. யானைக்குத் தும்பிக்கை...

மட்டுறுத்துநர் எழுதியது:

நண்பரே, இந்த யானை ஆண்டுக்கு இருமுறை இக்குழுமத்துக்குள் வருகிறது. ‘கை’ தொழிற்பெயர் விகுதி. எண்ணிக்கை, கோரிக்கை போலத்தான் நம்பிக்கையும். எண்ணிக் கை கொடுப்பதில்லை. தாழைக்கு வெள்ளிக்கிழமை கெடு. தலைப்புக்கு வருவோம்.

வடமராட்சியாள் எழுதியது:

நான் தமிழில் அரசறிவியல் படிப்பிப்பவள். இந்தச் சிக்கல் எனக்கு அகராதிச் சிக்கல் அல்ல.

ஐயாவின் குறள் அழகுதான். ஆனால் அங்கே தெளிபவன் அரசன், தெளியப்படுபவன் அவன் அமர்த்தும் ஊழியன். நமக்கு வேண்டியது எதிர்த்திசை. குடிமகள் பாராளுமன்றத்தை, பொலிசை, நீதிமன்றத்தை நம்புகிறாளா என்பதே கேள்வி. இன்னொன்று, ‘தேர்ந்து’ தெளிய அவளுக்கு வாய்ப்பே தரப்படவில்லை. பொலிஸ் நிலையத்தை அவளா தேர்ந்தெடுத்தாள்?

எங்கள் பக்கத்துச் சொற்சண்டை ஒன்றைச் சொல்கிறேன். போருக்குப் பிறகும் திரும்பி வராதவர்களைத் தேட, இலங்கையில் 2016இல் சட்டம் இயற்றி ஓர் அலுவலகம் அமைத்தார்கள். அதன் தமிழ்ப் பெயரில் இருப்பது ‘காணாமற்போன’. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தம் பிள்ளைகளைக் கேட்டுத் தெருவோரம் அமர்ந்த தாய்மார் சொல்வது ‘காணாமல் ஆக்கப்பட்ட’. போனது தன்வினை. யாரும் பொறுப்பில்லை, ஆடு தொலைந்ததுபோல. ஆக்கப்பட்டது செயப்பாட்டுவினை. எழுவாய் ஒளிந்திருந்தாலும் ஆக்கியவர் ஒருவர் உண்டு. வகுப்பில் இலக்கணம் எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் காட்டுகிறேன்.

இப்போது தாழையின் வாக்கியத்துக்கு வருவோம். அந்தத் தாய் பிள்ளை வருவான் என்று நம்புகிறாள். அலுவலகத்தை நம்பவில்லை. இரண்டும் ஒரே வினைச்சொல். யாருக்காவது குழப்பம் வந்ததா? முதலாவதில் ‘என்று’ நிற்கிறது, இரண்டாவதில் ‘ஐ’ உருபு நிற்கிறது. வினையாக இருக்கும்வரை தமிழ் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. பெயர்ச்சொல்லாக்கி உருபைக் கழற்றும்போதுதான் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே கருத்துக்கணிப்புக் கேள்வியில் ‘உங்களுக்குப் பொலிஸ்மீது நம்பிக்கை உள்ளதா’ வேண்டாம். ‘பொலிசை எவ்வளவு நம்புகிறீர்கள்’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எங்கள் கிழவிகள் ‘இனியாவது திருந்துவார்கள்’ என்ற எண்ணத்தில் ‘ஓம்’ என்று சொல்லிவிடுவார்கள்.

தாழை எழுதியது:

அக்கா, நன்றி. இதைப் படித்த பிறகு இயலையே மறுபடி படித்தேன். அங்கும் இதே கதைதான் நடந்திருக்கிறது. 1998 மே மாத வாக்கெடுப்பில் வட அயர்லாந்தில் 71 விழுக்காட்டினர் அமைதி உடன்படிக்கைக்கு ஆம் என்றார்கள். அது ‘என்று நம்புகிறோம்’. அப்போது அங்கிருந்த ‘அரச அல்ஸ்டர் காவல்படை’யில் கத்தோலிக்கர் பத்தில் ஒருவர்கூட இல்லை. மக்கள்தொகையிலோ ஐந்தில் இருவர். 2001இல் படையின் பெயரில் இருந்த ‘அரச’, ‘அல்ஸ்டர்’ இரண்டையும் எடுத்தார்கள், இலச்சினையை மாற்றினார்கள், புதிதாகச் சேர்ப்பவரில் பாதி கத்தோலிக்கர் என்று பத்தாண்டு வைத்திருந்தார்கள். அரசை எதிர்த்துப் போரிட்ட ஐஆர்ஏ என்ற ஆயுதக்குழு 2005இல் ஆயுதங்களைக் கைவிட்டது. கத்தோலிக்கரிடையே செல்வாக்குள்ள சின் ஃபெயின் கட்சி அந்தக் காவல்துறையை ஏற்றதோ 2007 சனவரியில். ‘என்று’ போய் ‘ஐ’ வருவதற்கு ஒன்பது ஆண்டு ஆகியிருக்கிறது.

கேள்விகளுக்கு வினை வடிவத்தை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இயலின் தலைப்பில், அட்டவணையில், ‘டிரஸ்ட் இண்டெக்ஸ்’ என்னுமிடத்தில் உருபைத் தொங்கவிட முடியாதே. பெயர்ச்சொல் வேண்டும்.

கணக்கன் எழுதியது:

‘நம்பகம்’?

வடமராட்சியாள் எழுதியது:

நம்பகத்தன்மை நம்பப்படுபவரிடம் இருப்பது. நம்புபவரிடம் இருப்பதற்குத்தான் சொல் தேடுகிறோம். நம்பகமே இல்லாத அரசை மக்கள் நம்புவதும் உண்டு. திருந்திய அரசை நம்ப மறுப்பதும் உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் பாடமே கெடும். ‘நம்புகை’ என்று வைத்தால் என்ன? வருகை, செய்கைபோல. வினையை விட்டு அதிகம் விலகவில்லை.

பொருநைக்கரையான் எழுதியது:

‘நம்புகை’ என்பதில் பழுது இல்லை. சுவையும் இல்லை.

மட்டுறுத்துநர் எழுதியது:

பயன்பாட்டையும் பார்க்க வேண்டும். சட்டமன்றத்தில் ‘நம்பிக்கையில்லாத் தீர்மானம்’, இலங்கையில் ‘நம்பிக்கையில்லாப் பிரேரணை’. சட்டத்தில் ‘நம்பிக்கை மோசடி’. செய்தித்தாள் படிப்பவர் ‘நம்புகை’யை மகள் சுழித்ததுபோல்தான் சுழிப்பார். தாழையின் முதல் மடலில் ‘மக்கள் கருத்து’ என்று இருந்ததைக் கவனித்தேன். ‘பொதுக் கருத்து’ என்று ஏன் போடவில்லை?

தாழை எழுதியது:

வேண்டுமென்றேதான். ஒரே நகரை ஒரு சாரார் டெரி என்றும் மறு சாரார் லண்டன்டெரி என்றும் அழைக்கும் இடத்தில் ‘பொது’ எது என்று தெரியவில்லை.

வடமராட்சியாள் எழுதியது:

எங்கள் பாடநூல்களில் ‘பொதுசன அபிப்பிராயம்’. அதிலும் அதே பொது.

பொருநைக்கரையான் எழுதியது:

அதில் ‘பொது’ மட்டும் தமிழ். அதையும் குறை சொல்கிறீர்கள்.

தாழை எழுதியது:

இன்று வியாழன் இரவு. எண்ணிப் பார்த்தேன்: நம்பிக்கை ஆறு, நம்புகை நான்கு, தெளிவு ஒன்று, ‘எதையாவது போடுங்கள்’ இரண்டு. கேள்விகளில் ‘ஐ நம்புகிறீர்களா’ வடிவம். தலைப்பில் ‘அரசியல் நம்பிக்கை’. ஹோப்புக்கு ‘எதிர்பார்ப்பு’ என்று மாற்றிவிட்டேன். எனக்கே அது கொஞ்சம் வறட்சியாகத் தெரிகிறது. கான்ஃபிடன்ஸ் வரும் இரண்டு இடத்திலும் வாக்கியத்தையே வேறு விதமாக எழுதித் தப்பித்தேன். அனைவருக்கும் நன்றி.

வடமராட்சியாள் எழுதியது:

சரி. ஆனால் ‘எதிர்பார்ப்பு’ பலன் கேட்கும் சொல். தெருவோரத்து அம்மாவிடம் போய் உங்கள் எதிர்பார்ப்பு என்ன என்று கேட்டால் நட்ட ஈட்டைப் பற்றிக் கேட்கிறோம் என்று நினைப்பார். என் வகுப்பில் நம்புகை என்றே சொல்லப் போகிறேன்.

பொருநைக்கரையான் எழுதியது:

வாக்கெடுப்பில் தோற்றவன் என்ற முறையில் முடிவை ஏற்கிறேன். என் கையேட்டில் ‘தெளிவு’ அழிக்கப்படாமல் இருக்கும். நிற்க. தாழை அவர்கள் ‘இண்டெக்ஸ்’ என்பதைத் தமிழ்ப்படுத்தாமலே விட்டுவிட்டார். சுட்டெண்ணா, குறியீட்டெண்ணா? அச்சுக்கு இன்னும் ஓர் இரவு இருக்கிறது. தனி இழை தொடங்குகிறேன்.