'பியாண்ட் த ரீச்' (2014): மொகாவி வெயிலில் வெறுங்காலோடு ஒருவன் எவ்வளவு நேரம் தாங்குவான்?

திரைநோக்கி:
ஸ்பாய்லர் உண்டு. இந்தப் படத்தில் பிக்ஹார்ன் எனும் காட்டுச் செம்மறி ஆட்டை வேட்டையாட வந்த பணக்காரர் (மைக்கேல் டக்ளஸ்) அவசரப்பட்டுச் சுட்டதில் ஒரு முதியவர் இறந்துவிடுகிறார். அதற்குச் சாட்சியான வழிகாட்டிப் பையனை உள்ளாடையோடு, செருப்புகூட இல்லாமல் அமெரிக்காவின் மொகாவி பாலைவனத்தில் நடக்க விடுகிறார். குண்டு வேண்டாம், வெயிலே முடித்துவிடும் என்பது கணக்கு. அந்தக் கணக்கு சரியா? அந்த இடத்தில் தண்ணீர் கிடைக்குமா? அனுபவமுள்ள வேட்டைக்காரர் ஒரு மனிதரைச் சுட்டுவிடுவது நம்பும்படி இருக்கிறதா?

உச்சிவெயில்:
கணக்கு சரிதான், அதுதான் படத்தின் பயங்கரமே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உடலியல் ஆய்வாளர் எட்வர்ட் அடால்ஃப் குழுவினர் கலிபோர்னியப் பாலைவனத்தில் படைவீரர்களை வைத்து ஆராய்ந்து, 1947இல் நூலாக வெளியிட்டார்கள். பகல் உச்சம் 49 டிகிரி செல்சியஸ் என்றால், சொட்டுத் தண்ணீர் இல்லாமல் நிழலில் அசையாமல் கிடப்பவருக்குச் சுமார் 2 நாள். இரவில் மட்டும் நடந்து பகலில் ஓய்ந்தாலும் சுமார் 1 நாள்தான். பட்டப்பகலில் நடந்தால் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்வை போகும். அந்தக் காற்றில் அது உடனே காய்ந்துவிடுவதால் போவதே தெரியாது.

துணியைப் பிடுங்கியதுதான் கொடூரமான யோசனை. வெறும் தோலில் வெயிலும் சுடுகாற்றும் நேராகப் படுவதால் வியர்வைச் செலவு கூடும். முழுக்கை, தளர்ந்த சட்டை அதைக் குறைக்கும். மண்பரப்பு 65, 70 டிகிரிக்குப் போகும் நேரத்தில் உள்ளங்கால் சில நிமிடத்தில் கொப்பளித்துவிடும். அப்படிப்பட்ட காலோடு அவ்வளவு தூரம் ஓடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

திரைநோக்கி:
அப்படியானால் அவன் என்ன செய்திருக்க வேண்டும்?

உச்சிவெயில்:
வெயில் ஏறுமுன் பாறையின் வடக்குப் பக்க நிழலுக்குப் போய்விட வேண்டும். வெறுந்தரையில் படுக்கக் கூடாது. சூடாகாத கல்மேல் உட்கார வேண்டும். வாயை மூடி, பேசாமல் இருக்க வேண்டும். நகர்வதெல்லாம் இருட்டிய பிறகு, அதுவும் 'சோயா' (cholla) எனப்படும் முட்கள்ளிக்கு ஒதுங்கி. அதன் முள் ஏறினால் விரலால் பிடுங்காதீர்கள், விரலிலும் ஏறும். சீப்பையோ இரண்டு குச்சியையோ கொடுத்து நெம்ப வேண்டும்.

சுனைதேடி:
தண்ணீர் பற்றி. பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கி நிற்கும், அங்கே அதை 'தினாஹா' என்பார்கள். குறுகலான ஓடைப் பள்ளத்தில், வெயில் படாத வளைவுகளில் தேட வேண்டும். மாலையில் புறாக்கள் ஒரே திசையில் பறந்தாலோ, தேனீக்கள் மொய்த்தாலோ அந்தப் பக்கம் நீர் இருக்க வாய்ப்புண்டு. பிக்ஹார்ன் ஆடுகளுக்காகவே மழைநீர்த் தொட்டிகளும் ஆங்காங்கே கட்டியிருக்கிறார்கள்.

பீப்பாய்க் கள்ளியை வெட்டினால் தண்ணீர் கொட்டும் என்பது சினிமாக் கதை. கிடைப்பது கசப்பான கூழ். பல இனங்களில் ஆக்சாலிக் அமிலம் இருப்பதால் வாந்தியும் பேதியும் வந்து இருக்கிற நீரும் போய்விடும். குழி தோண்டி பிளாஸ்டிக் விரித்து நீர் பிடிக்கும் முறையும் வேண்டாம். நாளுக்கு ஒரு லிட்டர்கூடத் தேறாது, தோண்டுவதிலேயே அதைவிட அதிகம் வியர்த்துவிடும். பழைய சுரங்கத்துக்குள் தேங்கிய நீரில் ஆர்செனிக் இருக்கலாம்.

முகட்டுப்பாறை:
சுடும் காட்சி நம்பும்படிதான் இருக்கிறது. கானல் அலையில் தொலைநோக்கிக்குள் உருவம் நெளியும், விளிம்பு தெரியாது. அசைவைப் பார்த்துச் சுடக் கூடாது, வானத்தை ஒட்டிய முகட்டில் நிற்பதைச் சுடக் கூடாது என்று கற்றுக்கொடுப்பது இதற்காகத்தான். முகட்டுக்குப் பின்னால் தோட்டாவைத் தாங்க மண் இல்லை, அந்தப் பக்கம் யார் இருக்கிறார் என்றும் தெரியாது. பையில் கிடக்கும் பைனாகுலரை எடுத்து முதலில் பார்க்க வேண்டும். துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாகத் தேடினால் குழல் ஏற்கெனவே ஆள்மேல் திரும்பியிருக்கும்.

எனக்கு ஒட்டாதது காலம்தான். கலிபோர்னியாவில் பிக்ஹார்ன் ஆட்டை வேட்டையாடும் பருவம் பொதுவாக டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி முதல் வாரத்தோடு முடியும். அனுமதிச் சீட்டுகள் மிகச் சில, பெரும்பாலும் குலுக்கலில்தான். அந்தக் குளிர்காலத்தில் ஆளை உள்ளாடையோடு விட்டால் கொல்வது பகல் வெயிலாக இருக்காது, இரவுக் குளிராக இருக்கும்.