ப்ராசஸர் மாற்றிய பின் சில நொடிகளில் 90 டிகிரி: தெர்மல் பேஸ்ட் பூசியதில் குறையா?

வைகைக்கரை:
வணக்கம். ரைசன் 5 3600 ப்ராசஸர் இருந்த ஏஎம்4 (ப்ராசஸரைப் பொருத்தும் சாக்கெட்டின் வகை) மதர்போர்டில், பயாஸ் என்ற மதர்போர்டின் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு, ரைசன் 7 5700எக்ஸ் பொருத்தியிருக்கிறேன். புதிய ப்ராசஸரின் பெட்டியில் கூலர் வராது என்பதால், பழையதோடு வந்த ரெய்த் ஸ்டெல்த் கூலரையே சுத்தம் செய்து மாட்டினேன். வேலை எதுவும் கொடுக்காதபோதே 58 டிகிரி காட்டுகிறது. ப்ராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் சினிபெஞ்ச் மென்பொருள் ஓடத் தொடங்கியதும், மூச்சு விடுவதற்குள் 90ஐத் தொட்டு, வேகம் தானாகக் குறைந்துவிடுகிறது. அறையின் வெப்பம் 33 டிகிரி. இதே அறையில், இதே கூலரில், பழைய ப்ராசஸர் 80ஐ ஒட்டி நின்றது. ப்ராசஸருக்கும் கூலருக்கும் இடையே பூசும் தெர்மல் பேஸ்டை அட்டையால் மெல்லியதாகத் தேய்த்துப் பரப்பினேன். இன்னும் கொஞ்சம் சேர்க்க வேண்டுமா?

ஊசிமுனை:
பேஸ்டைச் சேர்ப்பதற்கு முன், வெப்பம் எப்படி ஏறுகிறது என்பதைக் கவனியுங்கள். கூலரின் திறன் போதாவிட்டால், அதன் உலோகம் முதலில் சூடாக வேண்டும் என்பதால், அளவு நிமிடக்கணக்கில் மெல்ல ஏறும். நீங்கள் சொல்வதுபோல் சட்டென்று உச்சத்துக்குப் போனால், ப்ராசஸரின் வெப்பம் கூலரை ஒழுங்காகச் சென்றடையவே இல்லை என்று பொருள். அந்த நேரத்தில் கூலரின் தகடுகளைத் தொட்டுப் பாருங்கள். அவை இளஞ்சூட்டோடு நின்றால் சந்தேகமே வேண்டாம்.

இரண்டுமே 65 வாட் வகை என்பதால், ப்ராசஸர் மாறியது மட்டுமே இந்த வேறுபாட்டுக்குக் காரணமாகாது. ஆனால் வேகத்தைத் தானாகக் குறைக்கத் தொடங்கும் வெப்ப வரம்பு 3600க்கு 95 டிகிரி, 5700எக்ஸுக்கு 90 என்பதை நினைவில் வையுங்கள். கூலரைக் கழற்றி, துடைக்காமல், இரு பக்கமும் பேஸ்ட் பதிந்துள்ள விதத்தைப் பார்த்து எழுதுங்கள்.

மின்மினி:
பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் (திரவ உலோகம்) பூசினால் பத்து டிகிரியாவது குறையும் என்று கேள்விப்பட்டேன். அதையே வாங்கிவிடலாமே?

ஊசிமுனை:
தயவுசெய்து வேண்டாம். லிக்விட் மெட்டலில் இருப்பது காலியம். அது அலுமினியத்தை அரித்துவிடும். ரெய்த் ஸ்டெல்த் கூலரின் அடிப்பகுதி அலுமினியம்தான். போதாக்குறைக்கு லிக்விட் மெட்டல் மின்சாரத்தையும் கடத்தும். ஒரு துளி சிதறினாலும் மதர்போர்டு போய்விடும்.

வைகைக்கரை:
கழற்றிப் பார்த்தேன். தகடுகள் ஏறக்குறைய குளிர்ந்தே இருந்தன. ப்ராசஸர் மூடியின் ஒரு பக்கம் பேஸ்ட் நன்றாக நசுங்கி மெலிந்திருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், அட்டையால் இழுத்த கோடுகள் கலையாமல் அப்படியே தெரிகின்றன.

ஊசிமுனை:
அப்படியானால் கூலர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கூலரின் நான்கு ஸ்ப்ரிங் ஸ்க்ரூக்களும் மதர்போர்டின் பின்புறத் தகட்டில்தான் இறங்குகின்றன. பழைய ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் அந்தத் தகட்டைப் பிடித்திருக்க எதுவும் இல்லாததால் அது நழுவிவிடும். அந்த நிலையில் ஒரு மூலையின் மரை சரியாகப் பிடிக்காமலேயே, இறுகிவிட்டதுபோல் கைக்குத் தோன்றும். கோடுகள் கலையாத பக்கத்து ஸ்க்ரூவை முதலில் பாருங்கள்.

பேஸ்டின் வேலையைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். வெப்பக் கடத்துதிறன் (வாட்/மீட்டர்-கெல்வின் அலகில்) காற்றுக்கு ஏறத்தாழ 0.026, எம்எக்ஸ்-4 பேஸ்டுக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் எண் 8.5, அலுமினியத்துக்கு 200க்கும் மேல். அதாவது, இரு உலோகப் பரப்புகளுக்கிடையே உள்ள நுண்ணிய பள்ளங்களிலிருந்து காற்றை வெளியேற்றுவதற்காகவே பேஸ்ட் இருக்கிறது. அதுவே தடித்த அடுக்காக நின்றுவிட்டால் வெப்பத்துக்குத் தடையாகும். அடுக்கை மெலிய வைப்பது ஸ்க்ரூவின் அழுத்தம்தான். மேலும், 5700எக்ஸில் கணக்கிடும் பகுதிகளான கோர்கள் அனைத்தும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் கொண்ட ஒரே சில்லில் இருக்கின்றன. அந்தச் சில்லு மூடியின் நடுவில் இல்லாமல் ஓரம் தள்ளி அமைந்திருக்கிறது. கூலர் அந்தப் பக்கமாகத் தூக்கி நின்றால் விளைவு இப்படித்தான் இருக்கும்.

ஒருமுறை பிரித்த பேஸ்டின் மீது மறுபடி கூலரை வைத்தால் காற்று சிக்கிக்கொள்ளும் என்பதால், இரு பக்கமும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் முழுவதும் துடைத்துவிடுங்கள். நடுவில் ஒரு பட்டாணி அளவு வைத்தாலே போதும். மூலைகளைப் பற்றிய கவலை இருந்தால் மெல்லிய பெருக்கல் குறியாக இடுங்கள். யாராவது ஒருவர் பின்தகட்டைப் பிடித்துக்கொள்ள, நான்கு ஸ்க்ரூக்களையும் முதலில் இரண்டு மரை மட்டும் ஏற்றுங்கள். பிறகு எதிரெதிர் மூலைகளாக, ஒவ்வொரு ஸ்க்ரூவும் தானாக நிற்கும் வரை, சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

வைகைக்கரை:
நீங்கள் சொன்ன மூலைதான். ஸ்க்ரூ தகட்டின் மரையில் இறங்காமல் விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து மீண்டும் மாட்டியபின், சும்மா இருக்கும்போது 44, சினிபெஞ்சில் மெல்ல ஏறி 86. மிக்க நன்றி. இதற்கும் கீழே கொண்டுவர முடியுமா?

ஊசிமுனை:
33 டிகிரி அறையில் இந்தச் சிறிய கூலருக்கு 86 நியாயமான அளவே. பயாஸில் பிபிடி என்ற மின்வரம்பை 60 வாட்டுக்கு இறக்கினால், வேகத்தில் சிறிதளவே இழந்து, வெப்பத்தை நன்றாகக் குறைக்கலாம். அதுவும் போதாவிட்டால், செலவழிக்க வேண்டியது பெரிய கூலருக்கே தவிர விலை உயர்ந்த பேஸ்டுக்கு அல்ல.

தாழம்பூ:
இதே மாற்றத்தைச் செய்யவிருக்கிறேன். கூலரை எடுக்கும்போது ப்ராசஸரும் சேர்ந்து வந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

ஊசிமுனை:
ஏஎம்4இல் அது நடக்கக்கூடியதே. பின்கள் ப்ராசஸரில் இருக்கின்றன. மேலே இறுக்கிப் பிடிக்கும் சட்டம் கிடையாது. எனவே காய்ந்த பேஸ்ட், நெம்புகோல் பூட்டியிருந்தாலும், ப்ராசஸரைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிடும். கழற்றுவதற்கு முன் கணினியைக் கால் மணி நேரம் நல்ல வேலையில் ஓடவிட்டு, பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, பேஸ்ட் சூட்டில் இளகியிருக்கும்போதே கூலரை இடவலமாகச் சற்றுத் திருகி, அது வழுக்குவதை உணர்ந்த பின்பே உயர்த்துங்கள். நேராக மேலே இழுக்க வேண்டாம்.

மின்மினி:
கடைசியாக ஒன்று. புதுப் பேஸ்ட் பதமாவதற்குக் காத்திருக்க வேண்டுமா?

ஊசிமுனை:
ஆர்க்டிக் சில்வர் 5 போன்ற சிலவற்றுக்கு மட்டும், 200 மணி நேரம் வரை ஆகலாம் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். எம்எக்ஸ்-4 போன்றவற்றுக்கு அது தேவையில்லை. மாட்டிய உடனே அளந்து பார்க்கலாம்.